வலது கை நல்லாத்தான இருக்கு

இருளப்பசாமி துணை

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வெள்ளாடுகளும் சுகம், ஐப்பசி மழை இந்த வருஷம் ஏய்க்காமல் பெய்ததால் கொத்தமல்லியும் மிளகாயும்கூடச் சுகம். அங்கே மஸ்கட்டில் நீயும் உன் அறையில் இருக்கிற பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், இல்லாவிட்டால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமுகிறார். காகிதத்தை அப்படி நிறுத்த முடியாது. உன் அறைக் கூட்டாளி மதார் மைதீன் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுத்தான் நீ போன் செய்ய வேண்டும்.

முதலில் கை விஷயம். நான் வழுக்கி விழுந்தேன் என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார், எப்படி விழுந்தேன் என்று சொல்லியிருக்க மாட்டார். மல்லி பிடுங்க ஆள் விட்டிருந்த நாள் அது. ஆட்களுக்கும் சேர்த்துப் பெரிய பானையில் சோறு வைத்து, கஞ்சியை வடித்து நிமிர்த்திக்கொண்டு வரும்போது பின்வாசல் ஈரத்தில் கால் வாரிவிட்டது. பானையைக் கீழே போட்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெயிலில் குனிந்து கிடக்கிறவர்கள் பசியோடு வருவார்களே என்று பானையை விடாமல் இடது கையை ஊன்றி விழுந்தேன். சோறு பிழைத்தது, மணிக்கட்டு போனது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள், கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அந்தக் கையில் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா உன் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். அவரும் தலையை ஆட்டினார். ஆட்டோவில் வரும்போது இன்றைக்குக் கடையில் நாலு இட்லி வாங்குவார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உன் அப்பா சொன்னார், "வலது கை நல்லாத்தான இருக்கு. மெதுவா ஒரு ரசம் மட்டும் வச்சிரு."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார், ஊரில் யாருக்கு ஒன்று என்றாலும் முதலில் ஓடுகிற மனுஷன், உனக்கே தெரியும். அதனால்தான் அந்தச் சொல் எனக்குக் கூடுதலாக உறைத்தது. உறைத்தாலும் ரசம் வைத்தேன். மறுநாளும் வைத்தேன். அரிவாள்மனையில் ஒரு கையால் கத்தரிக்காய் நறுக்கிப் பார், காய் உருண்டு ஓடும். மிக்ஸி மூடியை முழங்கையால் அமுக்கிக்கொண்டு சட்னி அரைத்துப் பார். உன் அத்தை பேச்சி என்னைப் பார்க்க வந்தாள், அண்ணன் வீட்டில் ஏதாவது கூடமாட ஒத்தாசை செய்வாள் என்று நினைத்தேன். "நாங்கெல்லாம் பிள்ள பெத்த ஈரம் காயிறதுக்குள்ள அடுப்படிக்குப் போனவுக மதினி, இது என்ன பெரிய கட்டு" என்று சொல்லி, நான் ஒற்றைக் கையால் போட்ட காப்பியைக் குடித்து, டம்ளரை என் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அந்த டம்ளரையும் நான்தான் கழுவினேன். கட்டுக்குள் அரிப்பு எடுத்தால் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துகொள்வேன், மற்றபடி வேலை நடந்தது.

அப்புறம் மாசிக் களரி, குலசாமி கும்பிடுகிற நாள், வந்தது. நம் இருளப்பசாமி கோவில் வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் சின்னதில் இருந்து அங்கே விறகு தள்ளியவன்தான். ஆனாலும் இந்த முறை அதை நான் இருக்கிற பக்கத்தில் நின்று நீ பார்க்க வேண்டும். கிடாய் வெட்டு முடிந்தால் உரிப்பது, நறுக்குவது, மசால் அரைப்பது, சோறு வடிப்பது எல்லாம் ஆம்பளைகள். பொம்பளை நிழல் அடுப்பு மேல் விழக் கூடாது. பங்காளிகள் அத்தனை பேரும் அங்கேயே பொட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு, மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருவார்கள், ஒரு துண்டு எலும்பு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. படையல் போடுகிற வரைக்கும் நாக்கில் வைத்து உப்புப் பார்க்கவும் கூடாது. உன் அப்பாதான் கொப்பரை அண்டா முன்னால் நிற்பார், ஆவியை மோந்து பார்த்தே உப்புச் சொல்லிவிடுவார். இந்த வருஷமும் அப்படித்தான். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நின்றால் வருகிறவர் போகிறவர் எல்லாம், சௌந்தரபாண்டியன் கைப்பக்குவம் யாருக்கு வரும், மதுரைச் சமையல்காரன் தோத்தான் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து வருஷா வருஷம் இதைக் கேட்கிறேன். அந்தக் கைப்பக்குவம் எப்படி இருக்கும் என்று கட்டினவள் நாக்குக்குத் தெரியாது.

குழாயடியில் இருந்து நான் ஒரு குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உன் அப்பா குளித்துத் திருநீறு பூசி, காலியான தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முந்தின நாள் முழுக்க ஊருக்கே ஆக்கிப் போட்ட மனுஷன். என்னைப் பார்த்ததும் "என்னத்தா, இன்னும் உலை வைக்கலையா" என்றார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குடத்தை இறக்கி வைத்தேன். "எனக்கு ஒரு கைதான் இருக்கு. உங்களுக்கு ரெண்டு இருக்கு. ரெண்டு கையும் சமைக்கும்னு நேத்து ஊரே பாத்துச்சு. இனி இந்தக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நான் சோத்துக்கு உலை வைக்கப் போறதில்ல, பிரிச்ச பிறகும் மூணு வேளையும் அடுப்படியில ஒத்தையா நிக்கப் போறதில்ல" என்று சொன்னேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். அப்புறம் நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, "அது சாமி காரியம், இது வீட்டுக் காரியம், ரெண்டையும் சேத்துப் பேசாத" என்றார். வயிறு யாருடைய காரியம் என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பாளையம்பட்டியில் ஒரு கடையில் புரோட்டாவும், டவுனில் ஒரு கடையில் சாப்பாடுமாக ஓட்டினார். நான் கம்பு மாவைக் கரைத்து ஒரே ஒரு சட்டி கஞ்சி காய்ச்சி வைத்துக்கொண்டேன், அவருக்கும் சேர்த்துத்தான், வேண்டுமென்றால் மொண்டு குடிக்கட்டும் என்று மூடி வைத்தேன். தொடவில்லை. வயிறு அவரை விடவில்லை, புரோட்டாவுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் கறியும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு விறைப்பாக வந்தார். கேஸ் அடுப்பு பக்கம் போகவே இல்லை. முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, விறகைப் போட்டு, பரணில் கிடந்த பொங்கல் பானையை இறக்கி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். நான் வெங்காயமாவது உரித்துத் தரலாம் என்று போனால், "பொம்பளையாளு இங்க நிக்கக் கூடாது, தள்ளிப் போ" என்கிறார், நம் வீட்டு முற்றத்தில்! பழக்கம் அப்படி. எதிர்த்த வீட்டுப் படியில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கூறு கறிக்கு மிளகாய்ப்பொடியை அள்ளி அள்ளிப் போடுகிறார், உறைப்பு ஏறிவிட்டது என்று தெரிந்ததும் தண்ணீரை ஊற்றுகிறார், தண்ணீர் கூடிவிட்டது என்று தேங்காயை அரைத்து விடுகிறார். கொப்பரைக்குப் பழகின கைக்கு இரண்டு பேருக்கு அளவு தெரியவில்லை. பானை கழுத்து வரைக்கும் குழம்பு. தெருவுக்கே வீடு வீடாகச் சட்டியில் ஊற்றிக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. உப்பை மட்டும் குனிந்து மோந்து பார்த்துத்தான் போட்டார்.

சாப்பிட்டேன் மகனே. முதல் தடவையாக உன் அப்பா ஆக்கினதைச் சாப்பிட்டேன். கறி கொஞ்சம்தான் கிடைத்தது, ஆனால் குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது, உப்பு கல்லுக்குக் கல் சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் வரவில்லை, ஆத்திரத்தில் வந்தது. இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் நான் போட்ட தட்டத்தை உப்புக் குறைச்சல் என்று தள்ளி வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் சட்டியைக் கழுவப் போட்டுவிட்டு, கழுவாமல், வெளியே போய்விட்டார். அடுத்த நாள் காலையில், ஒரு நாள் செஞ்சு காமிச்சாச்சு, போதும் என்றார். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து பரளச்சிப் பெண் பேச்சை எடுத்திருக்கிறார்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன், நன்றாக உட்கார்ந்துகொள். பரளச்சியில் ரேணுகாதேவி என்று ஒரு பெண் இருக்கிறது, நம்ம சொந்தம்தான், அருப்புக்கோட்டையில் ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறது, நல்ல பெண். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உன் அப்பா போட்டிருக்கிற திட்டம் என்ன என்று உனக்கும் தெரியும். சித்திரையில் நீ வர வேண்டியது, தாலி கட்ட வேண்டியது, லீவு முடிந்து நீ மஸ்கட் போக வேண்டியது, அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு இங்கே இருக்க வேண்டியது. வீட்டுக்கு ஒரு பொம்பள வந்துட்டா எல்லாம் சரியாப் போகும் என்று என் காதுபடவே பேச்சியிடம் சொல்கிறார். நான் அங்கேதான் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருக்கிறேன், ஒற்றைக் கையால். சரி, அவர் பழைய ஆள் என்று விட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ போனில் என்ன சொன்னாய்? "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, கல்யாணம் முடிஞ்சா உங்களுக்கு ஓய்வுதான. உங்களுக்காகத்தான் நான் சரின்னே சொன்னேன்." மகனே, உன் அப்பா சொன்னது என் கையில் வலித்தது, நீ சொன்னது நெஞ்சில் வலித்தது. எனக்காக என்று ஏன் சொல்கிறாய்? என் பெயரைச் சொல்லி இன்னொரு வீட்டுப் பிள்ளையை என் அடுப்பில் கொண்டுவந்து நிறுத்த நான் எப்போது கேட்டேன்? நான் கேட்டது உன் அப்பா ஒரு குழம்பு வைக்க வேண்டும் என்று. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு மாற்று ஆள் பார்க்கிறீர்கள்.

இந்தக் கொதிப்பில் இருக்கும்போதுதான் மதார் மைதீன் நீ கொடுத்துவிட்ட பேரீச்சம்பழத்தையும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு வந்தான். என் கட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க உக்காருங்கம்மா" என்று அவனே உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான். ஆம்பளைப் பிள்ளை இவ்வளவு சுளுவாகப் போடுகிறதே என்று கேட்டேன். "நான் என்னம்மா போடுறேன், மாரிதான் எங்க ரூம்ல உஸ்தாது. அவன் முறை வந்தா நாங்க உள்ள எட்டிப் பாக்கக்கூட மாட்டோம். மீன ஆஞ்சு, புளி கரைச்சு, அவன் குழம்பக் கூட்டி வச்சான்னா பக்கத்து ரூம்ல இருந்தெல்லாம் தட்டத் தூக்கிட்டு வந்துருவாங்க" என்கிறான். பாத்திரம்கூட நீதான் பளபளவென்று தேய்ப்பாயாம். நான் சிரித்தேன், பிள்ளை அயலூரில் வயிறு காயாமல் இருக்கிறான் என்று பெருமையாகத்தான் இருந்தது. அவன் போனதும் உட்கார்ந்து யோசித்தேன். போன லீவில் வந்திருந்தபோது தண்ணீர்ச் செம்பு உன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது, நீ அம்மா தண்ணி என்று கூப்பிட்டாய், நான் அடுப்படியில் இருந்து எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தேன். உன் அப்பாவுக்குச் சாமி முன்னால் மட்டும் சமைக்க வரும், உனக்குக் கடல் தாண்டினால் மட்டும் சமைக்க வரும். நம் வீட்டு நிலைப்படிக்கு உள்ளே வந்தால் இரண்டு பேருக்கும் கை விளங்காமல் போய்விடுகிறது. இதற்கு எந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் சொல்லாமல் நான் தனியாகப் பரளச்சிக்கு பஸ் ஏறினேன். கட்டுப் போட்ட கையோடு மாப்பிள்ளையின் அம்மா வந்து நிற்பதைப் பார்த்து அந்தப் பெண்ணின் அம்மா பதறிவிட்டார்கள், சம்பந்தம் தட்டிப்போய்விட்டது என்றே நினைத்துவிட்டார்கள். ரேணுகாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, வேலையை விடச் சொன்னார்களாமே தாயி, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். "மாமா எங்க அப்பாகிட்ட சொன்னாக, அப்பா எங்க அம்மாகிட்ட சொன்னாக. எங்கிட்ட யாரும் கேக்கல அத்த" என்றது. நான் கேட்கிறேன், சொல் என்றேன். விட மாட்டேன் என்று பளிச்சென்று சொன்னது. அதன் அம்மா எட்டி அதன் வாயைப் பொத்தினார்கள். விட வேண்டாம், கல்யாணம் நடந்தால் ஒன்று அவன் உன்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும், இல்லையென்றால் நீ உன் வேலைக்குப் போ, என் அடுப்புக்கு ஆளாக ஒருத்தி வர வேண்டியதில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் என் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, "உங்க மகனுக்குச் சமைக்கத் தெரியுமா அத்த?" என்று கேட்டது. அதன் அம்மா அடியே என்று தொடையில் கிள்ளினார்கள். எனக்கு வந்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். தெரியும், நன்றாகத் தெரியும், ஆனால் எனக்கும் போன வாரம்தான் தெரியும் என்றேன். "அப்ப அவுக வைக்கிற குழம்பத் தின்னு பாத்துட்டுச் சம்மதம் சொல்றேன்" என்றது ரேணுகா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துச் சொன்னது. பெண் பார்க்கப் போய்க் காப்பியைக் குடித்துப் பார்த்துவிட்டு இனிப்புக் கம்மி என்று சொல்கிறவர்கள்தானே நாம், இதில் என்ன தப்பு என்று நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சித்திரை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நீ அதற்கு முந்தின வாரமே வந்துவிடுவாய் என்று மதார் சொன்னான். மீன் டவுன் மார்க்கெட்டில் காலையிலேயே போனால்தான் நல்லதாகக் கிடைக்கும், அதையும் நீதான் வாங்க வேண்டும். உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் குதித்தார், மாப்பிள கரண்டியப் பிடிச்சா ஊரு சிரிக்கும், நம்ம குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும் என்றார். களரியில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஊர் அன்றைக்குச் சிரித்ததா என்று கேட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நேற்று அவராகவே அரிசி கழுவி குக்கரில் போட்டுவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என்னை வாசலில் இருந்து கூப்பிட்டு, எத்தனை விசில் என்று கேட்டார். சொன்னேன். சோறு குழைந்துதான் போயிருந்தது, இரண்டு பேரும் சாப்பிட்டோம். இன்று காலையில், அவன் மீனை வச்சுக்கிடட்டும், கறிய நான் பாத்துக்கிறேன் என்று மெதுவாக இழுத்தார். வேண்டாம், அன்றைக்கு எல்லாம் அவன்தான், நீங்கள் உங்கள் முறைக்குத் தினமும் இங்கே வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் மனசிலும் ஒரு கோபம் வரும், எனக்குத் தெரியும். அம்மா என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டாளே என்று நினைப்பாய். அந்தப் பெண்ணைக் கேட்காமல் அதன் வேலையை விடச் சொன்னபோது நீ சரி என்றாயே, அதை நினைத்துக்கொள். உனக்கு இது முடியாது என்றால் ஒளிவுமறைவு வேண்டாம், போனில் சொல், நானே பரளச்சிக்குப் போய் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவேன். உனக்கு நல்ல இடம் போய்விடுமே என்று எனக்குக் கவலை இருக்கும், அழுவேன்கூட. ஆனால் ஒரு பிள்ளையைச் சமையலுக்காக இந்த வீட்டுக்குள் கூட்டிவர என் கையால் ஆரத்தி எடுக்க மாட்டேன், கட்டு இருந்தாலும் எடுக்க மாட்டேன், பிரித்தாலும் எடுக்க மாட்டேன்.

மற்றபடி வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அங்கே இன்னும் கூடுதல் என்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடி, வேலை செய்கிற இடத்தில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. புதன் சனியில் எண்ணெய் தேய்க்க முடியாவிட்டாலும் லீவு நாளிலாவது தேய்த்துக் குளி. மதாரிடம் வத்தலும் மல்லிப்பொடியும் கொடுத்திருக்கிறேன், நம் காட்டு மல்லி, அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்டு வை. அவன் உம்மா ரசூல் பீவி எனக்கு ஒரு தூக்குச் சட்டி கஞ்சி கொடுத்துவிட்டார்கள், ஊரில் எத்தனையோ பேர் பார்க்க வந்தார்கள், கையில் சாப்பாட்டோடு வந்தது அந்த அம்மா வீட்டில் இருந்து மட்டும்தான். போன் செய்தால் அவர்களிடமும் நன்றி சொல்லு.

இருளப்பசாமி உன்னைக் காப்பாற்றட்டும். நீ தீர்க்காயுசாக, கை கால் சுகத்தோடு, மனசுக்குப் பிடித்தவளோடு நல்லபடியாக வாழ வேண்டும். உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பக்கத்து அறையில் இருந்து இருமிக்கொண்டே சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தி போடும்போது ஆம்பளைகள் முதலில் என்று யாராவது இலை முன்னால் உட்கார வந்தால் எழுப்பிவிடு. அன்றைக்கு முதல் பந்தியில் ரேணுகாவுக்குப் பக்கத்தில் நான் உட்காருகிறேன், எங்களுக்குச் சுடச்சுட நீதான் பரிமாற வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சௌ. தங்கச்செல்வி